கூடு பழக நாற்பத்திரண்டு நாள்

டப்பா அவர் கையில்தான் இருந்தது. இன்னும் ஆட்டவில்லை.

ஆனால் கூண்டுக்குள் இருந்த இருபது புறாக்களும் ஒரே நேரத்தில் கழுத்தைச் சாய்த்தன. தகர டப்பாவில் காய்ந்த பட்டாணி குலுங்கும் சத்தம் கேட்டால் எப்படிச் சாய்க்குமோ, அப்படி. அந்தச் சத்தத்துக்கு அவற்றைப் பழக்கியவரே அவர்தான். அந்தச் சாய்வுக்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் ஒன்றுகூட அவரைப் பார்க்கவில்லை. எல்லாம் அவருக்குப் பின்னால், வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

டைம் கீப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நாற்பது. முப்பத்தெட்டு வருடம் மில் வாசலில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை, அந்தப் பழக்கமும் விடவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதினார்: 'குடிவந்து மூன்றாம் நாள். மாலை 5.40. புறாக்கள் எதையோ கேட்டன.' எழுதியதைப் படித்துப் பார்த்தார். தனியாக இருக்கும் ஆள் இப்படியெல்லாம் எழுத ஆரம்பித்தால் நன்றாக இருக்காது என்று பட்டது. 'எதையோ' என்பதை அடித்துவிட்டு 'எலியை' என்று திருத்தினார்.

அந்த வீடு ஊருக்கு வெளியே, மனை போட்டு விற்காமல் கிடந்த பொட்டலின் கடைசியில் இருந்தது. தார் ரோடு ஒரு சிறு பாலத்தோடு நின்றுவிடும். அதற்கப்புறம் மண் தடம். முன்னறை, படுக்கையறை, சமையல் மூலை, பின்னால் ஓர் அறை. பின்னறையில் பழைய சாமான் கிடக்கிறது, அதைத் திறக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். திறக்க வழியும் இல்லை. அந்தக் கதவில் பூட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது, கைப்பிடியும் கிடையாது. வெறும் மரப்பலகை. தள்ளினால் அசையவில்லை. கதவுக்கு எதிரே, யாரோ விட்டுப்போன ஒரு மர நாற்காலி.

மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மில் குடியிருப்பை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மகன் தன்னோடு வந்துவிடச் சொன்னான். புறாக்களைக் கொண்டுவரக் கூடாது என்பதை மட்டும் சுற்றி வளைத்துச் சொன்னான். பால்கனியில் துணி காயப்போடவே இடம் இல்லையாம். கடைசியில் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். புது வீட்டில் புறாக்கள் கூடு பழகிவிட்டால் அவர் அங்கேயே இருக்கலாம். பழகாவிட்டால் அவற்றை யாருக்காவது கொடுத்துவிட்டு மகன் வீட்டு ஹாலில் சோபாவை விரித்துப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பந்தயப் புறா வைத்திருப்பவனுக்கு வீடு மாறுவதைப் போல ஒரு சோதனை கிடையாது. எவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் விட்டாலும் புறா தான் முதலில் பறந்து பழகிய கூட்டுக்குத்தான் திரும்பும். ஆள் மாறலாம், புறா மாறாது. அதனால் பழைய பன்னிரண்டு புறாக்களை இனி அவர் வெளியே விடவே முடியாது. சாகும்வரை அவை கைதிகள். சாமான் ஏற்றிய அன்று பதின்மூன்றாவதாக இருந்த செவலைப் பெட்டை கைதவறிப் பறந்துவிட்டது. நாலு நாள் கழித்து, பழைய வீட்டை இடிக்கும் கான்ட்ராக்டர் போன் செய்தார். ஒரு புறா செங்கல் குவியல் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, இரை போட்டாலும் தொடவில்லை என்றார். மறுநாள் அவர் போன் செய்யவில்லை. இவரும் கேட்கவில்லை.

நம்பிக்கையெல்லாம், கூண்டுக்கு வெளியே ஒரு தடவைகூடப் பறந்திராத எட்டு இளம் புறாக்கள் மேல்தான். அவற்றைப் பழக்கும் முறை அவருக்குக் கைவந்தது. நாற்பத்திரண்டு நாள் அடைத்து வைக்க வேண்டும். தினமும் ஒரே நேரம், ஒரே சத்தம், அது முடிந்ததும் இரை. அதுவும் அரை வயிற்றுக்குத்தான்.

"அரை வயித்துக்கா? பாவம் புறாக்காரரே அதுங்க," என்றாள் கடைக்கார அம்மா. பாலத்தருகே அவளுடைய பெட்டிக்கடைதான் அந்தப் பக்கம் இருந்த ஒரே கடை. டீயும் அங்கேதான், செல்போனுக்கு டவர் கிடைப்பதும் அங்கேதான்.

"வயிறு நெறஞ்ச புறா திரும்பி வராதும்மா. ஏதாவது கொறையா இருந்தாத்தான் கூப்பிட்டா வரும்."

"அப்ப எங்க வீட்டுக்காரரையும் பட்டினி போட்டுத்தான் வெளிய அனுப்பணும்போல."

அவர் சிரித்தார். குடிவந்து பதினோரு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. சிரித்த பிறகு வாய் வலித்தது.

மகன் முதல் ஞாயிறு வருவதாக இருந்தான், குழந்தைக்குக் காய்ச்சல். அடுத்த ஞாயிறு கார் மக்கர் செய்தது. மூன்றாவது ஞாயிறு என்ன காரணம் சொன்னான் என்று காதில் விழவில்லை, லைன் விட்டுவிட்டுக் கேட்டது. திரும்பி வீட்டுக்கு நடந்தபோது, இரண்டு நாளாகத் தான் யாரோடும் ஒரு முழு வாக்கியம் பேசவில்லை என்று கணக்குப் பார்த்தார். பிறகு, புறாக்களோடு பேசியதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்தார். சேர்க்கவில்லை.

அன்று மாலை ஐந்து நாற்பதுக்கு அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

சன்னமாக, சீராக, தகர டப்பாவில் பட்டாணி குலுங்குவதுபோல, பின்னறைக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. குலுங்கிற்று, நின்றது, மறுபடி குலுங்கிற்று. எலி அல்ல. எலிக்குத் தாளம் தெரியாது. மரத்தூளும் பழைய துணியும் கலந்த வாசனையோடு, கதவின் அடியில் ஒரு கோடு இருட்டு, வீட்டின் மற்ற இருட்டைவிடச் சற்றுக் கெட்டியாக. அவர் ஓடிப்போயிருக்க வேண்டும். ஆனால் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது.

யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அவருக்காக இப்போதுதான் எழுந்து இடம் விட்டதைப்போல. இரண்டு வருடமாக அவர் படுத்த படுக்கை, குடித்த தம்ளர், திறந்த கதவு எல்லாமே அவர் தொடும்போது சில்லென்றுதான் இருந்தன. இந்தச் சூடு முதுகில் ஏறித் தோளில் பரவியபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. கால் மணி நேரம் கழித்து அது ஆறிப்போனது. இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே என்று இருந்தது.

நோட்டில் எழுதினார்: '19ஆம் நாள். சத்தம் 5.40. நாற்காலி 5.42 முதல் 5.57 வரை.' இதைத் திருத்தத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும். ஐந்தே காலுக்கே புறாக்களுக்கு இரை போட்டு, முகம் கழுவி, சட்டை மாற்றி, முன்னறையில் உலாத்த ஆரம்பித்துவிடுவார். சத்தம் வந்ததும் போய் உட்காருவார். கால் மணி நேரம் என்பது பத்து நிமிடம் ஆயிற்று, பிறகு ஆறு. குறையக் குறைய மறுநாள் மாலைக்காக மனசு பறந்தது.

ஒரு நாள் கடையில் பேச்சு நீண்டுவிட்டது. நடுவில் அவர் டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கடைக்கார அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். அதுவரை முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது.

"முன்னாடி அந்த வீட்டுல இருந்தாரே டிராயிங் வாத்தியார், ரிட்டயர் ஆன ஒத்தை ஆளு. அவரும் இப்படித்தான். டீயைப் பாதியில வச்சுட்டு, இதே நேரத்துக்குப் போயிடுவாரு."

"இப்ப எங்க இருக்காரு?"

"காலி பண்ணிட்டாருன்னு வீட்டுக்காரர் சொன்னாரு. சாமான் ஏத்தின வண்டி எதையும் நான் பாக்கல. வாசல்ல செருப்பு மட்டும் ரொம்ப நாளா கெடந்துச்சு."

அவருக்கு மேற்கொண்டு கேட்க வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் நேரமாகியிருந்தது.

நாற்பத்திரண்டாம் நாள் வந்தது. மாலை ஐந்தே காலுக்கு எட்டு இளம் புறாக்களையும் திறந்துவிட்டார். அவை கூண்டின் மேல் ஏறி நின்று, வானம் என்பது இவ்வளவு பெரிதா என்பதுபோலத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. ஒன்று எழும்பியது. மற்றவை பின்னால். பொட்டலுக்கு மேல் ஒரு வட்டம், அகலமாக இன்னொரு வட்டம். பிறகு கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் டப்பாவை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

வந்தன. ஒவ்வொன்றாகக் கூண்டு வாசலில் தொங்கும் கம்பிகளை மார்பால் தள்ளி உள்ளே போயின. அந்தக் கம்பிகள் உள்பக்கமாக மட்டும் ஆடும். புறா நுழைந்ததும் பின்னால் விழுந்துவிடும். உள்ளிருந்து தள்ளினால் சட்டத்தில் முட்டி நிற்கும். எட்டுத் தடவை 'டிக்'. எட்டு நேரம் எழுதினார்.

ஐந்து நாற்பதுக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த பிறகு, பாலம்வரை ஓட்டமும் நடையுமாகப் போய் மகனுக்குச் சொன்னார். மகனுக்கும் சந்தோஷம்தான். காலையில் வந்து கூட்டிப்போகிறேன், ஒரு நாள் இருந்துவிட்டு வாருங்கள் என்றான். இந்தத் தடவை வந்தும்விட்டான்.

காரில் பின் சீட்டில், கண்ணாடி ஏற்றிய குளிரில், அவர் ஏறியதும் தூங்கிப்போனார். மகன் அவர் இதுவரை போகாத புறவழிச்சாலை வழியாகப் போனான். ஒரு திருப்பத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. விழித்தபோது கார் அடுக்குமாடியின் லிப்ட் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

அங்கே எல்லாம் இருந்தது. பேச்சு, டிவி சத்தம், மடியில் ஏறிய பேத்தி. மதியம் மூன்று மணிவரை நன்றாகத்தான் இருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் போனார். வந்தார். மறுபடி போனார்.

"மாமா, கழுத்து வலிக்குதா?" என்றாள் மருமகள். "ஒரு பக்கமாவே சாய்ச்சுக்கிட்டு இருக்கீங்களே. தைலம் தரட்டுமா?"

அவள் தைலம் எடுக்க உள்ளே போனாள். அவர் கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்கினார்.

யாரையும் வழி கேட்கவில்லை. எந்தத் தெரு என்று யோசிக்கவில்லை. பெயர் தெரியாத சந்தில் நுழைந்து, பெயர் தெரியாத சாலையைக் கடந்து, கால்வாய் ஓரமாக, சுவர் ஓரமாக. இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் உடம்பே திரும்பியது. இருட்டுவதற்குள் போய்விட வேண்டும் என்ற ஒன்றைத் தவிர மனசில் எதுவும் இல்லை. ஒரு செருப்பு வார் அறுந்தது. உதறிவிட்டு நடந்தார். பாலத்தருகே கடை அடைத்திருந்தது. டவர் கிடைத்ததும் பையிலிருந்த போன் அடித்தது.

"அப்பா, எங்க இருக்கீங்க? தேடாத இடம் இல்ல."

"வீட்டுக்கு வந்துட்டேன்."

"எப்படி? வழியே தெரியாதே உங்களுக்கு?"

அப்போதுதான் அது அவருக்கு உறைத்தது. வழி தெரியாது. நாற்பத்திரண்டு நாள். தினமும் ஒரே நேரம். ஒரே சத்தம். அரை வயிற்றுக்கு.

"நீ உடனே வாப்பா," என்றார். "நான் பாலத்துலயே உக்காந்திருக்கேன். வீட்டுக்குள்ள போகல."

பாலத்துக் கட்டைச்சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மேற்கே வெளிச்சம் ஒரு விரல் அகலம் மிச்சம் இருந்தது. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று இருந்தார். ஆறு ஐம்பது. தாமதம். இன்று வராது.

வந்தது. பொட்டல் முழுக்க அந்தச் சத்தம். குலுங்கிற்று. நின்றது. பொறுமையாக, கோபமில்லாமல். நேரமாகியும் வராத புறாவுக்காக அவரே எத்தனை மாலை அப்படி ஆட்டியிருக்கிறார்.

கை சுவரை விட்டது.

மண் தடம். வாசல். கூண்டில் இருபது புறாக்களும் அவர் பக்கம் கழுத்தைச் சாய்த்தன. முன்னறை. நாற்காலி, சில்லென்று. பின்னறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே வெதுவெதுப்பு. வாசலில், மேலிருந்து கீழ்வரை, கம்பிகள் தொங்கின. மார்பு பட்டது. கம்பிகள் விலகின.

டிக்.

திரும்பித் தள்ளினார். கம்பிகள் சட்டத்தில் முட்டி நின்றன.

சுவர் நெடுக மரப் பெட்டிகள். வரிசை வரிசையாக, முன்பக்கம் திறந்தவை, ஓர் ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரும் அளவுக்கு. ஒன்றில் ஒரு கிழவர் இருந்தார். விரல்களில் பழைய வண்ணக் கறை. வெறுங்கால். அவர் இவரைப் பார்க்கவில்லை. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, அறையின் கோடியில் இருந்த இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பக்கத்துப் பெட்டி காலியாக இருந்தது.

டப்பா நின்றது. இருட்டிலிருந்து வேறொரு சத்தம் வந்தது. மிக மெல்லிய சத்தம். முப்பத்தெட்டு வருடம் கேட்டவருக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

காகிதத்தில் பென்சில். யாரோ அவர் வந்த நேரத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள்.