ஈரக்காற்றில் ஒரு விரிசல்

செல்போன் அலறியது!

மேகலா எடுத்தாள். வாட்ச்மேன் வைரக்கண்ணு.

"லேபுக்கு ஓடி வாம்மா... பரிதி தம்பி செத்துக் கிடக்கு!"

பாபநாசம் தாண்டி, குறுவை நாற்றங்கால்களுக்கு நடுவே இருந்தது அந்தத் தனியார் ஆய்வுக்கூடம். மேகலா அங்கே டெக்னீஷியன். ஸ்கூட்டியில் பறந்தாள்.

ஆராய்ச்சி மாணவன் பரிதி தரையில் கிடந்தான். கழுத்தில் ரத்தம். சுற்றிலும் சாம்பல் நிறச் சில்லுகள்...

எந்தத் திரவத்தில், எந்த வாயுவில் சிலிக்கானில் விரிசல் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் அழுத்தப் பெட்டி அது. அதன் வட்ட ஜன்னலும் சிலிக்கான்தான். அதுதான் வெடித்திருந்தது!

இன்ஸ்பெக்டர் ஜேசுராஜ் பக்கத்தில் புரொபசர் குஞ்சிதபாதம். முகத்தில் சோகம்... இஸ்திரி போட்ட சோகம்!

"இவதான் சார் காரணம்! ஜன்னல்ல சின்ன விரிசல். உலர்ந்த வாயுவை ஊதிக்கிட்டே இருன்னேன். ஊதல. கல்லணை திறந்து ஊரெல்லாம் ஈரக்காத்து... விரிசல் மெல்ல மெல்ல ஓடிடுச்சு!"

"அஜாக்கிரதையால ஒரு உயிர் போச்சேம்மா. ஜீப்புல ஏறு" என்றார் ஜேசுராஜ்.

ஜெயிலா? மேகலா குனிந்தாள். சில்லுகளை ஒருமுறை பார்த்தாள். சிரித்தாள்.

"ஈரக்காத்துல மெதுவா விரிசல் ஓடுறது கண்ணாடியில சார். நத்தை மாதிரி ஊரும்... ஒருநாள் படார்! சிலிக்கானுக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்ல. உடைஞ்சா அந்த நிமிஷம். இல்லேன்னா அப்படியே கிடக்கும். பரிதி அண்ணன் வருஷம் பூரா அளந்தது இதைத்தானே? அந்தக் கட்டுரையைத்தானே புரொபசர், நீங்க உங்க பேர்ல போட்டுக்கிட்டீங்க? படிக்காமலேயா போட்டீங்க?"

ஜேசுராஜ் உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையா புரொபசர்?"

குஞ்சிதபாதத்தின் காது சிவந்தது. டாக்டர் பட்டம் துடித்தது!

"யாருக்குடி தெரியாது? பன்னெண்டாவது ஃபெயிலு... எனக்குப் பாடம் எடுக்குறியா? சிலிக்கான் ஈரத்துக்கு அசையாதுன்னு தெரிஞ்சுதானே கண்ணாடியில சாம்பல் பூச்சு அடிச்சு மாட்டி..."

நாக்கு நின்றது.



ஜேசுராஜ் ஒரு சில்லைச் சாவியால் சுரண்டினார். பூச்சுக்கு அடியில் பளிச்சென்று கண்ணாடி!

"கட்டுரைத் திருட்டைப் பத்திப் புகார் குடுக்கப் போறேன்னானா பரிதி?"

புரொபசர் வாசல் பக்கம் நகர்ந்தார். விலங்கு விழுந்தது.

"ஏம்மா... இது கண்ணாடின்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சில்லோட ஓரம் மின்னுச்சு சார். நான் சொன்னா, நானே மாட்டினேன்னு திருப்பியிருப்பாரு. அதான் அவர் வாயாலேயே வரட்டும்னு..."

"படிச்ச மனுஷன், இவ்வளவு சீக்கிரமாவா உளறுவாரு?"

"கண்ணாடிகூட ஈரத்துல பல நாள் தாங்கும் சார்... இவரு ரெண்டு கேள்விக்குத் தாங்கல!"