ஓடையில் நின்ற ஏழாம் வகுப்பு

புதுத்துறை நடுநிலைப் பள்ளி கடலுக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் கான்கிரீட் தூண்களின் மீது நின்றது. வெயில் ஏறிய பிறகு பிள்ளைகளை வெளியே விடக் கூடாது என்பது சட்டம். அதனால் விடிவதற்கு முன்பே மணி அடித்துவிடும். படகிலிருந்து இறங்கிப் படியேறி வரும் பிள்ளைகள், மூக்கிலிருந்த வடிகட்டியைக் கழற்றி உதறிப் பைக்குள் போட்டுக்கொண்டு, இடது காதை முன்பக்கமாக மடக்கிக் காட்டுவார்கள். ஒரு காலத்தில் ஆசிரியர்கள் நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்த்ததைப் போல, பிரகாசி டீச்சர் ஒவ்வொரு காதின் பின்புறத்தையும் பார்ப்பாள். தோலுக்கடியில் அரிசி அளவுக்கு ஒரு பச்சை வெளிச்சம் தெரிய வேண்டும். தெரிந்தால் வகுப்புக்குப் போகலாம்.

அதன் பெயர் செயலூட்டி.

அது வந்த கதை ரொம்பப் பெரிதில்லை. பூமியைப் பிழைக்கவைக்க உலக நாடுகள் கூடிச் சில இலக்குகளை வகுத்து, ஒரு கெடுவும் வைத்தன. கெடு வந்தது, இலக்கு வரவில்லை. கெடுவைத் தள்ளிவைத்தார்கள். அப்படி நாலு தடவை தள்ளிவைத்தாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும், 'இனி எல்லாம் பிள்ளைகள் கையில்தான்' என்று தீர்மானம் போட்டு, பாடப்புத்தகத்தில் ஒரு பாடத்தைக் கூட்டினார்கள். பிள்ளைகளும் படித்தார்கள், ஓவியம் வரைந்தார்கள், கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள்.

கடைசியில் ஒரு நிறுவனம் மூளைக்குள் ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தது. ஒன்றை அறிகிற பகுதிக்கும் அதற்காக எழுந்து நிற்கிற பகுதிக்கும் நடுவே இருந்த பாதை மனிதனுக்குத் தூர்ந்துபோயிருந்தது. செயலூட்டி அந்த இடத்தில் போட்ட பாலம். இன்னது தவறு என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், அதற்கு ஏதாவது செய்யும்வரை நெஞ்சுக்குள் ஓர் அரிப்பு இருந்துகொண்டே இருக்கும். செய்ததும் அடங்கிவிடும். சோதனைக்கு முதலில் தேர்வான இடம் புதுத்துறைப் பள்ளியின் ஏழாம் வகுப்பு.

முதல் மாதம் ஊரே சிரித்துப் பூரித்தது. ஆளில்லாத அறையில் ஓடிய மின்விசிறியைப் பிள்ளைகள் தேடிப் போய் அணைத்தார்கள். தட்டில் மிச்சம் வைத்த அப்பாவின் எதிரே உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், எம் மவ வீட்டுல ஒரு வாளித் தண்ணிக்கு மேல எடுக்க விட மாட்டேங்கா. குளியலறை வாசல்ல காவல் நிக்கா. என்னதான் சொல்லிக் குடுத்திய?" என்று ஒரு தாய் வந்து குறைபோலப் பெருமைப்பட்டாள்.

பிரகாசிக்கும் அது புது அனுபவம். இத்தனை வருடங்களில் தான் சொன்னதெல்லாம் விடைத்தாள்வரை போய் அங்கேயே செத்துப்போவதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். இப்போது அவளுடைய சொல்லுக்குக் கால் முளைத்திருந்தது. காலையில் பாடம் நடத்தினால் சாயங்காலம் அது தெருவில் நடந்து போவதைப் பார்க்கலாம். பள்ளிக்கூடம் போகும் படகில் அவள் தன்னையறியாமல் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

பிறகு தண்ணீர்ப் பாடம் வந்தது.

புதுத்துறை குடிப்பது கடல்நீரைத்தான். ஊருக்குத் தெற்கே உள்ள உப்பகற்றி நிலையம் அதைச் சுத்தம் செய்து குழாயில் அனுப்பும். பிரித்தெடுத்த உப்புக் கழிவு கஞ்சி மாதிரி கெட்டியாக ஒரு பெரிய குழாய் வழியே அலையாத்தி ஓடையில் கொட்டும். வழக்கமாகப் படத்தைக் காட்டி நடத்துகிற பாடம் அது. பிள்ளைகள் காட்டிய வேகத்தில் பிரகாசிக்கும் உற்சாகம் பிறந்து, வகுப்பையே படகில் ஏற்றி ஓடைக்குக் கூட்டிப் போனாள். அலையாத்தி மரங்கள் இலையில்லாமல், உப்புப் பூத்து, வெள்ளை வெளேரென்று நின்றன. தண்ணீருக்குமேல் நீட்டிக்கொண்டிருந்த வேர்களில் காலி நண்டு ஓடுகள் ஒட்டியிருந்தன. பறவைச் சத்தம் கிடையாது.

"உப்புக் கழிவை நீர்நிலைகளில் கலப்பது பெருந்தவறு" என்று புத்தகத்தில் இருந்த வரியை அவள் வாசித்தாள். வாசிக்கும்போதே பிள்ளைகளின் கைகள் ஒவ்வொன்றாக நெஞ்சைத் தடவுவதைக் கவனித்தாள்.

அன்சிலா கையைத் தூக்கினாள். உப்பகற்றி நிலையத்தில் இறைப்பான் பார்க்கும் சூசையின் மகள். மெலிந்த உடம்பு, பேசும்போது ஆளின் கண்ணை நேராகப் பார்க்கும் பழக்கம்.

"இதுக்கு என்ன செய்யணும் டீச்சர்?"

புத்தகத்தில் இருந்த பதிலையே பிரகாசி சொன்னாள். "மக்கள்கிட்ட விழிப்புணர்வு உண்டாக்கணும். எல்லார்க்கும் எடுத்துச் சொல்லணும்."

"எல்லார்க்கும் தெரியுமே டீச்சர். எங்க அப்பாவே இங்கதான வேலை பாக்காவ."

"சரி, நாளைக்குப் பேசுவோம்" என்று சொல்லிப் படகைத் திருப்பச் சொன்னாள் பிரகாசி.

மறுநாள் வகுப்பறை காலியாக இருந்தது. ஏழாம் வகுப்பு மொத்தமும் ஓடையில், கழிவுக் குழாயின் வாய்க்கு நேரே, இடுப்பளவுத் தண்ணீரில் கைகோத்து நின்றது. அந்த இடத்துக்குள் மனித உடம்பு இருந்தால் இறைப்பான் தானாக நின்றுவிட வேண்டும் என்று நிலையத்தின் காவற்பொறிக்கு உத்தரவு. அப்பா எப்போதோ வீட்டில் சொன்னதை வைத்து அன்சிலாதான் இந்த யோசனையைச் சொன்னாளாம். கழிவு வெளியேறாவிட்டால் நிலையம் ஓடாது. வெயில் உச்சிக்கு வருவதற்குள் ஊரில் குழாய்கள் வறண்டன. தண்ணீரை நம்பி ஓடிய குளிரூட்டிகளும் நின்று, வீடுகள் அடுப்பாகின.

பிள்ளைகள் கேட்டது பெரிய காரியமே இல்லை. உப்புக் கழிவை ஓடையில் விடாமல், பாத்தி வெட்டி உலர்த்தச் சொன்னார்கள். நிலையத்துக்குப் பின்னால் அதற்கான மேட்டு நிலமும் சும்மா கிடந்தது. ஆனால் அங்கே அதிகாரிகளுக்குக் குடியிருப்பு கட்டுவதாகத் திட்டம்.

படகு படகாகப் பெற்றோர் வந்து இறங்கினார்கள். குளியலறைக் காவலைப் பற்றிப் பெருமைப்பட்ட தாய்தான் முதலில் கத்தினாள்.

"ஏட்டி, மேல ஏறுதியா இல்லையா? வீட்டுல கைக்குழந்த வேர்த்துக் கெடக்கு!"

"ஏற முடியலம்மா" என்று அழுதாள் மகள். "ஏறணும்னு நெனச்சாலே நெஞ்சு அரிக்கி."

தலைமையாசிரியர் இஞ்ஞாசி கரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். உலக இலக்குகள் ஆணையத்தின் 'செயல்வீரர் பள்ளி' விருதுக்குப் புதுத்துறையின் பெயர் கடைசிச் சுற்றில் இருந்தது. "செய்யச் சொன்னோம், வாஸ்தவம்தான். அதுக்காக இப்படியா செய்வாவ?" என்று யாரிடமென்றில்லாமல் கேட்டார்.

பிற்பகலில் செயலூட்டி நிறுவனத்தின் பொறியாளர் ஹரீந்திரன் வானூர்தியில் வந்து இறங்கினான். இளைஞன், மரியாதையான பேச்சு. நிலைமையைக் கேட்டுக்கொண்டான். பெற்றோர் சங்கத் தலைவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, கையிலிருந்த பலகையில் எதையோ அழுத்தினான்.

"பாலத்தை எடுத்துட்டேன், அவ்வளவுதான். இனி இயல்பா இருப்பாங்க."

காய்ச்சல் விட்ட பிள்ளைகளைப் போல ஓடையில் நின்ற முகங்கள் மெல்லத் தளர்ந்தன. ஒருவன் பக்கத்திலிருந்தவன் முகத்தில் தண்ணீரை அடித்தான். யாரோ சிரித்தார்கள். "பசிக்கி" என்று ஒரு குரல். கோத்த கைகள் பிரிந்தன. ஒவ்வொருவராகக் கரையேறி, அம்மாக்கள் நீட்டிய துண்டுகளுக்குள் புகுந்துகொண்டார்கள்.

வெகுநேரமாக வெயிலில் நின்ற பிள்ளைகள் நிழலுக்கு வருகிறார்கள், சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று பிரகாசி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்சிலா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஹரீந்திரன் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தான். பிறகு தொடைவரை ரப்பர் காலணியை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடையில் இறங்கி, அவள் காதுக்குப் பின்னால் ஒரு கருவியை வைத்துப் பார்த்தான். கரையேறி நேரே இஞ்ஞாசியிடம் வந்தான்.

"சார், அந்தப் பொண்ணுக்குப் பொருத்தினது பழுது. முதல் நாளிலிருந்தே வேலை செய்யல. விளக்கு மட்டும்தான் எரிஞ்சிட்டிருந்திருக்கு."

"அப்ப இத்தனை நாளும்?" என்றார் இஞ்ஞாசி.

"அவளாத்தான் செஞ்சிருக்கா."

பிரகாசி ஓடையைப் பார்த்தாள். மற்ற பிள்ளைகள் அரிப்புத் தாங்காமல் வந்தவர்கள். இவளை எதுவும் அரிக்கவில்லை. பார்த்தாள், கேட்டாள், வந்து நின்றாள்.

"சரி, அதுக்கு இப்ப என்ன வழி?" என்று இஞ்ஞாசி கேட்டார்.

"எங்ககிட்ட வழி இல்ல சார். அணைக்கறதுக்கு உள்ள எதுவுமே இல்லையே."

இஞ்ஞாசி பிரகாசியின் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போலீஸ் வந்து தூக்கினா நல்லாருக்காது டீச்சர். நாளைக்கே பேப்பர்ல படம் வந்துரும். நீங்க போயிப் பேசுங்க. உங்க பேச்சத் தட்ட மாட்டா."

பிரகாசி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். தண்ணீர் எண்ணெயைப் போலக் கனத்துக் காலைப் பிடித்தது. இரண்டு எட்டு வைப்பதற்குள் கணுக்காலில் எரிச்சல் தொடங்கியது. அன்சிலாவின் உதடுகள் வெடித்திருந்தன. தண்ணீர் பட்ட கைகளில் தோல் வெள்ளையாகச் சுருங்கியிருந்தது.

"கால் எரியலையாட்டி?"

"எரியுது டீச்சர்."

"பெறகு ஏன் நிக்கே? எல்லாரும் போயிட்டாவல்லா?"

"நானும் போயிட்டா குழாயத் தெறந்துருவாவளே."

கரையில், மற்றவர்களை விட்டுத் தள்ளி, நிலையத்தின் நீலச் சட்டையோடு சூசை நின்றிருந்தார். பக்கத்தில் வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. பிரகாசி அவரைக் காட்டினாள்.

"அப்பா வேலைய யோசிச்சியா மக்கா? நாளைக்கு அவியள வெளிய அனுப்பிட்டா, தம்பிக்கு யாரு சோறு போடுவா?"

அன்சிலா அப்பாவைப் பார்த்தாள். ஆனாலும் நகரவில்லை. அடுத்து என்ன சொல்வதென்று பிரகாசிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எப்போதோ சின்ன வயதில் தான் கேட்ட வார்த்தைகள் தாமாகவே வந்தன.

"நல்ல புள்ளல்லா? நீ நெனைக்கது தப்புன்னு யாரும் சொல்லல. முதல்ல படி. படிச்சுப் பெரிய ஆளா வா. கலெக்டரா வந்து இதே எடத்துல நின்னு, ஒத்தக் கையெழுத்துல இந்தக் குழாய மூடு. யாரு வேண்டாம்பா? இப்ப நீ சின்னப் புள்ள."

அன்சிலா நேராக அவள் கண்ணைப் பார்த்தாள்.

"நீங்க பெரிய ஆளுதான டீச்சர்?"

கேள்வியில் குத்தல் இல்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிற அதே குரல்தான். பிரகாசி திரும்பிக் குழாயின் வாயைப் பார்த்தாள். இங்கேயே, இந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடலாம். காவற்பொறிக்கு வயது தெரியாது. உடம்பு இருந்தால் போதும், குழாய் திறக்காது. அவளைத் தடுக்க அங்கே யாருமில்லை. அந்த நினைப்பு வந்து ஒரு கணம் எதிரே நின்றது.

"டீச்சர், என்ன சொல்லுதா?" என்று கரையிலிருந்து இஞ்ஞாசி குரல் கொடுத்தார்.

"படகு வந்துட்டு. வா" என்றாள் பிரகாசி.

அன்சிலா அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விடை வராத கணக்கைப் பார்ப்பதைப் போலப் பார்த்தாள். பிறகு தானாகவே முன்னால் வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரகாசி அவளைக் கூட்டி வந்தாள் என்றுதான் கரையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். வழுக்கும் சேற்றில் விழாமல் பிடித்துக் கரை சேர்த்தவள் அன்சிலாதான். இருவரும் ஏறி முடிப்பதற்குள் பின்னால் குழாய் இருமியது. கழிவு கொட்டும் சத்தம் கேட்டது. கரையில் கைதட்டினார்கள்.

அந்த வருடம் புதுத்துறைப் பள்ளிக்கே விருது கிடைத்தது. ஓடை நிகழ்ச்சியைப் படமெடுத்து, 'மாணவர் எழுச்சி' என்று தலைப்பிட்டு, குழாய் மறுபடி திறந்த இடத்தை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள். விழாவில் ஏழாம் வகுப்பு கையை நீட்டி உறுதிமொழி எடுத்தது. முன்னால் நின்று வாசித்துக் கொடுத்தவள் அன்சிலா. ஒரு சொல்லும் தடுக்கவில்லை. பாடத்தில் இப்போது அவள்தான் முதல். கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டாள் என்று மற்ற ஆசிரியர்களும் மெச்சினார்கள்.

விழா முடிந்து ஆணையத்தின் ஆட்கள் பழரசம் குடித்துக்கொண்டிருந்தபோது ஹரீந்திரன் பிரகாசியைத் தேடி வந்தான்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தப் பொண்ணு மாதிரி, கருவியே இல்லாம தானாச் செய்யற பிள்ளைங்க வேற ஊர்லயும் அங்கங்க இருக்காங்களாம். எங்க ஆய்வகம் முழுக்க மண்டையை உடைச்சிட்டிருக்கு. உள்ள ஒண்ணும் இல்லாதபோது நீங்க எதை அணைச்சீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல சார். படிச்சுப் பெரிய ஆளான பெறகு செய்யலாம்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் கண்கள் விரிந்தன. அறுவைச் சிகிச்சை கிடையாது, கருவி கிடையாது, எந்த மொழியிலும் சொல்லலாம். நம்ப முடியாமல் தலையை ஆட்டினான். பிறகு, பொறியாளன் என்ற முறையில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டான்.

"ஒரு தடவை சொன்னா எவ்வளவு காலம் தாங்கும் மேடம்?"

பிரகாசி மேடையைப் பார்த்தாள். அன்சிலா அங்கே நாற்காலிகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இன்னும் தாங்குது சார்" என்றாள்.