சக்களத்தியின் பின் ஆசனம்

பிளக் எட்டையும் கழற்றி, பெற்றோலையும் கடைசிச் சொட்டு வரை வடித்துவிட்ட காரின் எஞ்சின் மூடியில் வரதராஜா கை வைத்தார். சூடாக இருந்தது.

1974 ஆடி மாதம். சிட்னியின் செவன் ஹில்ஸில் ஆடி என்றால் எலும்புக்குள் இறங்கும் குளிர். பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டு. அப்படியிருந்தும் கராஜ் கதவை அவர் இப்போதெல்லாம் மூடுவதில்லை. உள்ளே பழைய ஒயிலும் ரப்பரும் தோல் ஆசனமும் புழுங்கி மணக்க, அவற்றுக்கடியில் மெல்லியதாகச் சந்திரவதனா தலைக்கு வைக்கும் நல்லெண்ணெயும் மணத்தது. மனைவி செத்து இன்றோடு பதின்மூன்று நாள்.

கார், ஐம்பது வருசத்துக்கு முந்திய இத்தாலியின் இசோட்டா பிராஸ்கினி. எட்டுச் சிலிண்டரையும் ஒரே வரிசையில் நிறுத்தி முதன்முதல் விற்பனைக்கு வந்த எஞ்சின் அதனுடையது. பண்ணைக் கொட்டிலில் கோழி அடைந்து கிடந்ததை வாங்கிவந்து, நாலு வருசம் அதோடுதான் குடித்தனம் நடத்தினார் மனிதர். சந்திரவதனா அதற்கு வைத்த பெயர் சக்களத்தி.

எஞ்சின் முதன்முதல் உயிர்த்த அன்று அவள் கல்யாணக் கூறையை உடுத்திக்கொண்டு பின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தாள். குளிருக்காக அவர்தான் கராஜ் கதவை இழுத்து மூடினார். வீட்டுக்குள் டெலிபோன் அடித்தது. யாழ்ப்பாணத்து ட்ரங்க் கோல், மூன்று நாளாக அவர் காத்திருந்தது.

"எஞ்சின் ஓடட்டும். இரும், போட்டு வாறன்."

லைன் அறுந்து அறுந்து வந்தது. கத்திப் பேசி முடிக்க முக்கால் மணித்தியாலம் போனது. திரும்பியபோது எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. புகைக்குள்ளே அவள் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது.

சுமங்கலி என்று அதே கூறையோடு எரித்தார்கள். பெட்டி உள்ளே போகும்போது, விடைபெறும்போதெல்லாம் சொல்லி நாக்கில் ஊறிய பழக்கத்தில், "போட்டு வாறன்" என்றுவிட்டார். செத்த இடத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. திரும்பி வருவேன் என்று பிணத்துக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. அவளுடைய தமக்கை இராஜேஸ்வரி பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். ஆனால் சொல் வெளியே போய்விட்டது.

கை இன்னும் மூடியில் இருந்தது. அடியில் ஏதோ அதிர்ந்தது. ஒன்று. இன்னொன்று. பிறகு வரிசையாக, எட்டும்.

மேசையைப் பார்த்தார். எட்டுப் பிளக்கும் துணியில் கிடந்தன.

ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அவள் முகத்தை இன்னொரு முறை பார்க்கக் கிடைத்தால் போதும் என்று நெஞ்சு கிடந்து அடித்தது. மூடியிலிருந்து கையை எடுத்து, பின் கதவடிக்கு நடந்தார்.

பின்கண்ணாடியின் உட்புறம் புகை படிந்திருந்தது. கார்க் கதவு திறந்தது. கருகிய கூறையின் சிவப்புக் கரை வெளியே சரிந்தது.

"வந்திட்டியளோ? நீங்கள் சொன்னபடி இருந்தனான்."

அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

அவருக்குப் பின்னால், யாரும் தொடாத கராஜ் கதவு மெல்லக் கீழே இறங்கியது.