பொருந்தாத எண்

காலையில் அந்தத் தோட்டாக்கூட்டின் அடியில் 2983 என்று இருந்தது. மதியம் ஒரு மணிக்கு 6147 என்று இருந்தது.

எமில் ஹுடாக் லென்ஸைச் சட்டை நுனியில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். அதே 6147. எண்களின் குழியில் ஐம்பது வருஷத்து அழுக்கு கறுத்துக் கிடந்தது. இன்றைக்கு யாரும் வந்து குத்திவிட்டுப் போனது இல்லை.

நிலவறையின் குட்டிச் சன்னலை வெளியிலிருந்து பனி பாதி மூடியிருந்தது. மிச்சப் பாதி வழியாக வந்த வெளிச்சம் துணி துவைத்த தண்ணீர் மாதிரி சாம்பலாக மேசையில் வடிந்தது. வெந்நீர் பாய்லர் ஒரு மூலையில் முனகிக்கொண்டிருக்க, துப்பாக்கி எண்ணெயின் வாடையோடு, எதிர்மூலைக் குழாயடியிலிருந்து சோப்பும் கரியும் கலந்த வாடை வந்துகொண்டே இருந்தது. அப்பா முப்பது வருஷம் இரும்பாலையிலிருந்து வந்து, மாடியேறும் முன் அங்கேதான் உடம்பு கழுவுவார். அவர் செத்து எட்டு மாசம். வாடை போகவில்லை. குழாயும் சொட்டிக்கொண்டே இருந்தது.

மேசைமேல் அப்பாவின் லூகர் கைத்துப்பாக்கி கிடந்தது. நாற்பத்தைந்தில் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தது. இப்போது தம்பி ரூடியுடையது.

அப்பா உயிலில் வீட்டை எமிலுக்கு எழுதினார், துப்பாக்கியை ரூடிக்கு எழுதினார். பிளம்பிங் வேலை பார்க்கும் ரூடிக்கு. லூகருக்கும் லாந்தருக்கும் வித்தியாசம் தெரியாத ரூடிக்கு. எமில் ஆலை மூடும்வரை உலையடியில் வெந்து, வாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கண்காட்சி கண்காட்சியாக அலைந்து பதினோரு லூகர் சேர்த்திருக்கிறான். சுவரலமாரியில் வரிசையாகத் தொங்குகின்றன. ஒன்றுகூட முழுசு இல்லை. லூகரில் ஒவ்வொரு சின்ன உறுப்பிலும் துப்பாக்கி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் குத்தியிருக்கும். தோட்டாக்கூட்டில் முழு எண்ணே இருக்கும். எல்லாம் பொருந்தினால்தான் மதிப்பு. ஒன்று பொருந்தாவிட்டால் பாதி விலை போய்விடும். அப்பாவுடையதின் எண் 6147, ஆணிவரைக்கும் 47. எல்லாம் பொருந்தியது. ரூடி அதை ரொட்டிப் பையில் சுருட்டிக்கொண்டு வந்திருந்தான்.

“நீதான் ப்ரொஃபசராச்சே. இது என்ன கதை, எவ்வளவு போகும்னு பார்த்து எழுதி வை. சனிக்கிழமை நாலு மணிக்கு வர்றேன். டோலரெஸ் முட்டைக்கோஸ் உருண்டை குடுத்தனுப்புவா. நீ இளைச்சுப்போய் ஆணி மாதிரி இருக்கியாம்.”

அவனுக்குப் பெண்டாட்டி, அவனுக்கு உருண்டை, அவனுக்கே துப்பாக்கியும்.

அதனால் இன்று காலை எமில் அசல் தோட்டாக்கூட்டை உருவிக் காலி காபி டப்பாவில் ஒளித்தான். தன் பழைய சாமான்களிலிருந்து 2983-ஐ எடுத்துச் செருகினான். நாலு மணிக்குச் சொல்ல வேண்டிய வார்த்தையும் தயார். கூடு பொருந்தல ரூடி, பெரிசா ஒண்ணும் போகாது, எங்கிட்டயே விட்டுட்டுப் போ.

இப்போது எழுந்து போய் டப்பாவைத் திறந்தான். உள்ளே 6147. கையில் 6147.

மாற்றி எடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டான். ஒரே எண்ணில் இரண்டு கூடு எப்படி வரும் என்பதை அவன் யோசிக்கவில்லை.

துப்பாக்கியை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பழைய துண்டின்மேல் பரப்பினான். தோட்டா ஏறும் அறை காலி. வீட்டில் தோட்டாவே கிடையாது. சேர்க்கிறவன் சுடுவதில்லை, சுட்டால் மதிப்பு போய்விடும். துப்பாக்கியின் மேல்பக்கத்துச் சின்ன இரும்புத் துண்டு தட்டையாகப் படுத்திருந்தது. உள்ளே தோட்டா ஏறினால் அது எழும்பும், அதன் பக்கத்தில் ‘கெலாடன்’ என்று ஜெர்மன் சொல் தெரியும். தோட்டா இருக்கிறது என்று அர்த்தம். இப்போது அந்தச் சொல் அடியில் புதைந்து கிடந்தது.

அடிக்கும் ஊசியை மட்டும் மாற்றலாம் என்று தோன்றியது. அலமாரியில் மூன்றாவது துப்பாக்கியிலிருந்து ஊசியை எடுத்தான். எண் 12. நன்றாகப் பார்த்தான், வாய்விட்டே படித்தான். பன்னிரண்டு. போட்டு மூட்டினான். மறுபடி பிரித்தான்.

47.

குழாய் சொட்டியது.

அலமாரியிலிருந்து இன்னொன்றை இறக்கினான். 47. அடுத்தது. 47. பதினொன்றையும் இறக்கினான். இருபது வருஷம் ஒவ்வொன்றாகத் தேடி, பேரம் பேசி, ஏமாந்து, ஏமாற்றிச் சேர்த்த எண்கள் எல்லாம் போய்விட்டன. எல்லாம் அந்த ஒன்றின் உறுப்புகள்.

நாற்காலியில் உட்கார்ந்தான். மேசை இழுப்பறையில் ஒரு கடிதம் இருந்தது. துப்பாக்கியின் கதையைத் தேடி அப்பாவின் படைப்பிரிவுக் கிழவர்கள் ஏழு பேருக்கு எழுதியிருந்தான். ஒருவர்தான் பதில் போட்டார், கென்டக்கியிலிருந்து பீஸ்லி என்பவர். விலை ஏற்றுகிற கதையாக இல்லை என்று எமில் அதை உள்ளே தள்ளியிருந்தான். இப்போது எடுத்தான்.

‘அந்த ஜெர்மன் பையன் கையைத் தூக்கிட்டான். துப்பாக்கியை அவனே உங்கப்பா கிட்ட நீட்டினான். சண்டை முடிஞ்சுபோச்சு. ஆனா அவன் உங்கப்பா கையில இருந்த துப்பாக்கியையே பார்த்துக்கிட்டிருந்தான். உங்கப்பா அதாலேயே அவனைச் சுட்டார். ஏன்டா ஆண்டின்னு உங்கப்பாவைக் கேட்டேன். இன்னும் அதையே பார்க்கிறான்னு சொன்னார். வேற காரணம் சொல்லலை. எனக்கும் அந்தத் துப்பாக்கி மேல ஒரு கண்ணு இருந்துச்சு. அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே பார்க்கலை.’

மாடியில் கதவு திறந்தது. பனி உதறும் பூட்ஸ் சத்தம்.

“ப்ரொஃபசர்! செத்துட்டியா, இருக்கியா?”

எமில் அவசரமாகத் துப்பாக்கியை மூட்டினான். எப்போதும் தடுமாறும் விரல்கள் இன்று தடுமாறவில்லை. உறுப்புகள் தாமாக வந்து உட்கார்ந்தன. கடைசியில் கூட்டைச் செருகும்போதுதான் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தான்.

நகத்தின் அடியில், சதையில், ஒல்லியாக இரண்டு இலக்கம்.

அடுத்த விரல். அதிலும். அடுத்தது. அதிலும்.

தேய்த்தான். போகவில்லை. நாக்கால் பல்லைத் தடவினான். ஒவ்வொரு பல்லின் பின்னாலும் சின்னதாக ஒரு குழி தட்டியது. ஒரு நாலு. ஒரு ஏழு.

ரூடி ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தான். மூக்கு சிவந்திருந்தது.

“என்ன, கடையே போட்டு வச்சிருக்க? எல்லாத்தையும் இறக்கிட்ட?”

“கூடு…” என்றான் எமில். நாக்கு மறுபடி பல்லின் குழிகளைத் தடவியது. “கூடு பொருந்துது. எல்லாம் பொருந்துது.”

“அடேயப்பா. நல்லதா?”

“நல்லது.”

ரூடி பாத்திரத்தை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். “இதைக் கேளு. விலை என்னன்னு எனக்குச் சொல்லாத. நீயே வச்சுக்க. டோலரெஸும் அதான் சொல்றா. உனக்குத்தான் இதுல உசிரு. அப்பா உனக்குத் தராதே தராதேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினார். ரொம்ப ஆசைப்படறான், அவன் கைக்குப் போகக் கூடாதுன்னார். கிழத்துக்கு என்ன பொறாமையோ போ.”

எமிலுக்கு மூச்சு வந்தது. கிடைத்துவிட்டது. ஏமாற்றாமலே கிடைத்துவிட்டது. அழுகை வரும்போல இருந்தது.

“ஒரே ஒரு தடவை பார்த்துக்கிறேன்” என்றான் ரூடி. “கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அப்பாவும் நானும் இங்கதான் உட்கார்ந்து துடைப்போம். நீ நைட் ஷிஃப்ட்ல இருப்ப.”

மேசைமேல் கையை ஊன்றிக் குனிந்தான். எமிலின் கையில் இருந்ததையே பார்த்தான். சிரித்துக்கொண்டே பார்த்தான். கண்ணை எடுக்கவில்லை.

பாய்லர் நின்றது. சொட்டு நின்றது.

ரூடியின் நகங்கள் வெறுமையாக இருந்தன. பிளம்பர் அழுக்கு மட்டும். அந்த அறையில் எண் இல்லாதது அவன் ஒருவன்தான்.

“எமில்? ஏன் அப்படிப் பிடிச்சிருக்க?”

துப்பாக்கி பிடித்த கை உயர்ந்தது. எமில் உயர்த்தவில்லை. உன் கண்ணை எடுடா என்று சொல்ல வாயைத் திறந்தான். வந்தது அப்பாவின் குரல்.

“இன்னும் அதையே பார்க்கிறான்.”

துப்பாக்கியின் மேலிருந்த சின்ன இரும்புத் துண்டு, சத்தமில்லாமல், மெல்ல எழும்பியது. கெலாடன்.