உள்ளே முட்டுக் கொடுத்தது யார்

அந்தக் கேம்பரின் மூக்கில் ஒரு பாப் ரிவிட்கூட இல்லை. பழைய கேம்பர்களைப் பழுதுபார்க்கிற மிர்னா கைவிளக்கை வைத்துக்கொண்டு உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை, மறுபடி உள்ளே ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டாள். இல்லவே இல்லை.

இதில் முகம் சுளிக்க என்ன இருக்கிறது என்று அதன் சொந்தக்காரன் கேட்பான். பாய்ஸி நகரத்துப் பல் டாக்டர். பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றிவைக்கிற இந்த அலுமினியப் பெட்டி வீட்டை அறுபதுகளில் யாரோ மான் வேட்டைக்குப் போக வாங்கினான். இவனோ அதற்குப் பச்சை வண்ணம் பூசி, வாசலில் கள்ளிச்செடித் தொட்டி வைத்து, போட்டோ எடுத்துக் கூட்டாளிகளுக்கு அனுப்பப் போகிறான். மலைப் பக்கம் ஒரு நாள் ஓட்டிப் போக மாட்டான். இப்படிப்பட்ட ஆசாமிகளின் காசில்தான் வயிறு வளர்க்க வேண்டியிருக்கிறது என்ற கடுப்பு மிர்னாவுக்கு இருபது வருடமாக அடங்கவில்லை.

தகடுகளை இணைக்கிற நிஜ ரிவிட் ஆணி அடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வெளியே நின்று காற்றழுத்தத்தில் இயங்குகிற கன்னால் அடிப்பார். இன்னொருவர் தகட்டுக்குப் பின்னால் இரும்புத் துண்டை முட்டுக் கொடுப்பார். ரிவிட்டின் வால் அந்த இரும்பில் மோதி நசுங்கும். ஓட்டுநர் தலைக்கு மேல் நீண்டிருக்கும் மூக்கிலோ வெளித்தகடு வளைந்தது, உள்தகடு நேரானது; நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அளவு பொந்து. இரண்டு தகட்டையும் மூடும்போது கடைசி வரிசைக்குப் பின்னால் ஆள் நிற்க வழியில்லை. அதனால் அந்த ஒரு வரிசையை ஒரு பக்கத்திலிருந்தே குத்தி முடிக்கிற பாப் ரிவிட்டால் அடிப்பார்கள். பார்க்க அசிங்கம், ஆனால் வேறு வழி கிடையாது. இதிலோ அத்தனையும் நிஜ ரிவிட். அத்தனையின் வாலும் பொந்துக்குள்.

"அப்போ கடைசியா உள்ள முட்டுக் கொடுத்தவன் எப்படிக்கா வெளிய வந்தான்?" என்றான் டெல்பர்ட்.

டெல்பர்ட் அவள் தம்பி. வயது ஐம்பத்தொன்று. முட்டுக் கொடுப்பதைத் தவிர அவனுக்கு எதுவும் தெரியாது என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

"புகையா மாறி வந்திருப்பான். கேக்கறான் பாரு கேள்வி! எவனோ குடிகாரன் ஏதோ தில்லுமுல்லு பண்ணிருக்கான். ரெண்டு தகட்டையும் பிரிடா."

பிரித்தார்கள். எலிப் புழுக்கை வாசம் வரும் என்று மூக்கைச் சுருக்கிக்கொண்டிருந்தாள், வரவில்லை. ஈரக் கம்பளிச் சட்டையை அடுப்பருகே காயப்போட்டால் வருகிற வாசம் வந்தது, வெதுவெதுப்பாக. எலும்பு இல்லை, துணி இல்லை. ஒரே ஒரு முட்டு இரும்பு மட்டும் கிடந்தது. பிடித்துப் பிடித்து நாலு விரல் பதிகிற அளவு தேய்ந்திருந்தது.

"இதை நான் தொட மாட்டேன்" என்றான் டெல்பர்ட்.

"அறுபது வருஷத்து எஃகு. உன்னோட துருப்பிடிச்ச இரும்புக்கு இது ராஜா. இதாலயே வேலை செய்."

"இதுதான் கடைசிக்கா. இது முடிஞ்சதும் நான் பாய்ஸி போறேன். மக வீட்டு மாடியில ரூம் ஒழிச்சு வெச்சிருக்கா."

போன வாரமும் சொன்னான். அப்போது சிரித்துவிட்டாள். இப்போது சிரிப்பு வரவில்லை. இவனும் போய்விட்டால் இந்த ஷெட்டில் பேச ஒரு நாதி கிடையாது. இருடா என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவான். அது அவளுக்கே தெரியும். ஆனால் கெஞ்சிப் பழக்கமில்லாத நாக்கு.

"போயேன். அங்கேயும் உனக்கு ஸ்டூல் பிடிக்கத்தான் வேலை இருக்கும்."

டப்பாவில் வந்த பீன்ஸைச் சுடவைத்துத் தின்றுவிட்டு மதியம் இரண்டு மணிக்குப் புது வெளித்தகட்டைப் பொருத்த ஆரம்பித்தார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஷெட்டின் கண்ணாடிகள் வெள்ளையாக அடைத்துப்போய், உள்ளே கேஸ் அடுப்பின் சீறலும் தகரக் கூரை பனியின் பாரத்தில் முனகுகிற ஓசையும்தான். கழற்றிய உள்தகட்டை அடுப்போரச் சுவரில் சாய்த்துவைத்தார்கள். டெல்பர்ட் அந்தப் பழைய இரும்போடு பின்கதவு வழியே ஏறி, படுக்கைப் பலகையில் தவழ்ந்து போய் மூக்கில் படுத்துக்கொண்டான். மிர்னா காதடைப்பானை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

அவர்களுக்குள் பேச்சு கிடையாது, தட்டுதான். இரும்பால் உள்ளிருந்து ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு என்றால் சரி, அடுத்தது. மூன்று என்றால் கெட்டுப்போச்சு, நிறுத்து. இந்த மூன்றாவதை மிர்னா மதித்ததே இல்லை. தொடைநடுங்கிகள் கண்டுபிடித்த சைகை அது என்பாள். அவன் மூன்று தட்டினால் இன்னும் பலமாக அடிப்பாள்.

அடித்தாள். இரண்டு தட்டு. நகர்ந்தாள், அடித்தாள். இரண்டு தட்டு. பத்து ரிவிட் போனபின்தான் உறைத்தது: பதில் உடனுக்குடன் வருகிறது. டெல்பர்ட் எதையும் யோசித்துச் செய்கிற சோம்பேறி. கன் நின்று மூச்சு விடுகிற நேரம் கழித்துத்தான் தட்டுவான். இன்றைக்கு விரலை எடுக்கும் முன்பே தட்டு விழுகிறது. பாய்ஸி போகிற அவசரம் போலிருக்கிறது என்று வயிறெரிந்தாள்.

அப்புறம் அந்த எதிரொலி. அவள் கன் ஒருமுறை உறுமி நின்றதும், எங்கோ உள்ளே தள்ளி அதே உறுமல் மெல்ல இன்னொரு முறை கேட்டது. காதடைப்பானை ஒரு பக்கம் தூக்கினாள். தகடு எதிலோ உரசுகிற ஓசை. புரண்டு படுக்கிறான், வேறென்ன.

"அக்கா!" தகட்டுக்குப் பின்னாலிருந்து அவன் குரல். "இங்க இடம் பத்தல. முதுகுல ஏதோ இடிக்குது."

"பீரைக் குறைச்சா இடம் பத்தும்."

"விளையாட்டு இல்லக்கா. நீ அடிக்கறதுக்கு முன்னாடியே இரும்பு அங்க இருக்கு. நான் இன்னும் வைக்கவே இல்ல."

"அப்போ யாரு வைக்கறா? பல் டாக்டரா?"

காதடைப்பானை மறுபடி இழுத்து மாட்டினாள்.

"இன்னும் ஒரு வரிசைதான். ஒரு தடவையாவது ஆம்பளையா ஒரு வேலையை முடிச்சிட்டுப் போ!"

கன்னை வைத்து அழுத்தினாள்.

மூன்று தட்டு.

சரியான கோழை. இன்னும் அழுத்தி அடித்தாள்.

மூன்று தட்டு. அடுத்ததற்கும் மூன்று. கன்னே வைக்காத இடத்திலும் மூன்று, தகட்டின் அந்தக் கோடியில், இந்தக் கோடியில், அவள் வயிற்றுக்கு நேராக. பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையை முடித்தாள். ஒவ்வொரு ரிவிட்டும் அழகாக உட்கார்ந்தது. ஒவ்வொன்றையும் பின்னால் யாரோ அசையாமல் தாங்கினார்கள். டெல்பர்ட்டுக்கு வாழ்நாளில் இவ்வளவு உறுதியான கை வாய்த்ததில்லை.

கன்னைத் தரையில் போட்டாள். காதடைப்பானைக் கழற்றினாள். அடுப்பு சீறியது.

"முடிஞ்சுதுடா. வெளிய வா."

வரவில்லை.

"டெல்பர்ட்?"

அடுப்போரச் சுவரைப் பார்த்தாள். வெறும் சுவர். சாய்த்துவைத்த உள்தகடு அங்கே இல்லை.

பின்கதவு வழியே ஏறினாள். முழங்கால் பலகையில் இடித்தது. அந்தக் கம்பளி வாசம். கைவிளக்கை மூக்குப் பக்கம் திருப்பினாள்.

உள்தகடு அதன் இடத்தில் இருந்தது. மேலிருந்து கீழ்வரை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ரிவிட். ஒன்றுகூடப் பாப் ரிவிட் இல்லை. விரலால் தொட்டாள். தலைகள் இன்னும் சூடாக இருந்தன.

விரல் கணுவால் தட்டினாள்.

உள்ளிருந்து மூன்று. மிக மெதுவாக. இரும்பால் அல்ல, கையால்.

இந்த முறை அவள் நம்பினாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் மூன்றை நம்பினாள். "இருடா, இதோ வந்துட்டேன், இருடா" என்று உளறிக்கொண்டே இறங்கி, ட்ரில்லை எடுத்து வெளித்தகட்டுக்கே ஓடினாள்; அங்கே ஏணி இருந்தது, வெளிச்சம் இருந்தது. முதல் தலையைத் துளைத்தாள். ஊசிக்கம்பியால் வாலை உள்ளே தள்ளினாள். துளை. அதில் வாயை வைத்தாள்.

"டெல்பர்ட், நான் பேசினதெல்லாம் சும்மாடா. நீ போக வேணாம். எங்கயும் போக வேணாம். கேக்குதா?"

துளை வழியே அவன் மூச்சு வந்தது. அவனுடையதுதான், அந்த மூக்கடைப்புச் சத்தத்தோடு. அதற்குப் பின்னால் இன்னொரு மூச்சு. நிதானமானது.

இரண்டாவதைத் துளைத்தாள். மூன்றாவதை. ட்ரில்லைக் கீழே வைத்துவிட்டுத் தகடு வெட்டும் கத்திரியை எடுக்கத் திரும்பினாள், மறுபடி பார்த்தாள்.

முதல் துளையிலிருந்து ஏதோ வெளியே நீண்டுகொண்டிருந்தது. புது ரிவிட். தலை உள்ளே, வால் அவள் பக்கம். கட்டை விரலால் உள்ளே தள்ளினாள். போனது. திரும்ப வந்தது. இரண்டாவது துளையில் ஒன்று. மூன்றாவதில் ஒன்று. பளபளப்பாக, அளவாக, நசுக்க யாராவது எதையாவது முட்டுக் கொடுக்கட்டும் என்று காத்துக்கொண்டு.

உள்ளே டெல்பர்ட்டின் மூச்சு அடைத்தது. துளைகள் மூடினால் அது நின்றுவிடும். கத்திரி மேஜையில் இருந்தது, பத்தடி தள்ளி. மிர்னா கத்திரிக்குப் போகவில்லை. மூன்று வால்களின் மேலும் உள்ளங்கையை விரித்து வைத்து, உடம்பின் பாரம் முழுக்கக் கொடுத்து அழுத்தினாள். அவை உள்ளிருந்து அதே பலத்தோடு திருப்பித் தள்ளின. அவள் நகரவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

அவளுடைய கன் ஏணியடியில், குழாய் சுருண்டு, தரையில் கிடந்தது. தகட்டுக்குப் பின்னால், அவள் உள்ளங்கைக்கு நேராக, வேறொரு கன் உறுமத் தொடங்கியது.