பாதிக் காற்று போதும்

மழை என்றுதான் வில்லா நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் வானம் பளிச்சென்று இருந்தது... கன்னத்தில் வழிந்தது பரங்கிக்காய்ச் சதை!

"வானத்துல பம்ப்கின் பை!" என்று ஒலிபெருக்கி கூவ, அறுவடை முடிந்த அந்தச் சோள வயலே சிரித்தது. பரங்கிக்காயைப் பீரங்கியில் வைத்து யார் அதிக தூரம் சுடுவது என்ற போட்டி; காய் நடுவானில் சிதறினால் இப்படித்தான் கூவுவார்கள்.

காற்றுப் பீரங்கியின் நீளக் குழாயடியிலிருந்து ஒருவன் ஓடி வந்தான். கையெல்லாம் கிரீஸ் கறை. ஆனால் அந்தக் கண்கள்... நவம்பர் காலையின் டெலவேர் ஆறு போல, சாம்பல் கலந்த நீலம்.

"மன்னிச்சிடுங்க... தலையில விதை ஒட்டியிருக்கு."

"பரவால்ல, முளைச்சதும் சொல்லி அனுப்பறேன்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வாய்ப்பில் இரண்டு வானத்திலேயே சிதறிப் போயிருந்தன. காய் முழுசாகத் தரையைத் தொட்டால்தான் தூரம் அளப்பார்கள்.

"டேய் எம்மெட்!" பின்னாலிருந்து அவன் அண்ணன் ராய்ஸ் கத்தினான். "அடுத்ததும் சிதறட்டும், நாளைக்கே இதை அறுத்து வயலுக்குத் தண்ணிக் குழாயாக்கிடறேன்!"

எம்மெட்டின் முகம் வாடியது. அவனே வெல்டிங் வைத்துக் கட்டிய பீரங்கி அது.

வில்லாவால் சும்மா இருக்க முடியவில்லை. பள்ளியில் இயற்பியல் பாடம் எடுப்பவள் அல்லவா!

"அழுத்தம் எவ்வளவு வெச்சீங்க?"

"சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டு. கடைசி வாய்ப்பு, தூரம் போகணும்... இப்ப நூத்திருபது வைக்கப் போறேன்."

"ஐயய்யோ! நூத்துக்கே குழாய் வாயோட பரப்பால பெருக்கிப் பாருங்க... எட்டாயிரம் பவுண்டு விசை. ரெண்டு பிக்கப் வண்டி மேல ஏறினா காய் தாங்குமா? ஐம்பது வைங்க."

"பாதியா? வேகமும் பாதியாயிடுமே!"

"ஆகாது. விசை பாதியானா, வேகம் நூத்துக்கு எழுபது மிஞ்சும். தூரம் குறையும்தான்... ஆனா காய் முழுசா போய்ச் சேரும்."

சுற்றி நின்றவர்கள் 'ஓஹோ' என்றார்கள். எம்மெட்டின் காது சிவந்தது.

"டீச்சரம்மா, இது கரும்பலகை இல்ல. போய் ஆப்பிள் சைடர் குடிங்க."

சுருக்கென்றது அவளுக்கு. போய்விடலாம்... ஆனால் கால் ஏன் நகரவில்லை?

எம்மெட் வெள்ளைத்தோல் காய் ஒன்றைத் தட்டிப் பார்த்துக் குழாயில் இறக்கினான். காற்று ஏறியது. முப்பது... நாற்பது... ஐம்பது. கூட்டத்தில் அவளைத் தேடி வந்து நின்றது அவன் பார்வை. கை வால்வை மூடியது.

"இன்னும் ஏத்துடா!" என்றான் ராய்ஸ்.

"போதும்ணே."

டொம்ம்!

வெள்ளையாக, உருண்டையாக, முழுசாக... பகல் நிலா ஒன்று வயலைத் தாண்டிப் பறந்தது. தொலைவில் அது தரையில் விழ, காய் முழுசு என்று நடுவரின் கொடி உயர்ந்தது.

"கடைசிக்கு முந்தின இடம்!" ராய்ஸ் தம்பியைக் கட்டிக்கொண்டான். "போகட்டும், குழாயை அறுக்கல."

எம்மெட் அவளிடம் வந்தான். தொப்பியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

"அப்ப நான்... அதாவது நீங்க... கரும்பலகைன்னு நான் சொன்னது... வந்து..."

வில்லா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "எல்லாத்தையும் ஒரே மூச்சுல தள்ளினா சிதறத்தான் செய்யும். பாதிக் காத்துல சொல்லுங்க."

அவன் மெல்ல மூச்சு விட்டான். அவள் கூந்தலில் மிச்சமிருந்த ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"உன்னைப் பிடிச்சிருக்கு, வில்லா."

அவள் பெயரை எப்போது, யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டானோ...

"ம்..." என்றாள், தலை குனிந்து. "முழுசா வந்து சேர்ந்துடுச்சு."