பூனைக்காலிப் பொடி

என் வீட்டுக்காரர் துளசிங்கத்தை ஒல்லாந்தர் கோட்டைக்குப் பின்தெருவில் ஒரு பழைய வீட்டுக்கு அழைத்துப் போனேன். கைநடுக்க வைத்தியத்துக்கு. அக்கரைச் சீமைக் கப்பலுக்குக் கூலியாட்களை ஏற்றும் படகில் சுக்கான் பிடிப்பவர் அவர். மூன்று வருஷமாக வலது கை ஓயாமல் உதறியது. சோறுகூட நான்தான் ஊட்டினேன்.

ஹக்கீம் அப்துல் ஹை பூனைக்காலி விதைப் பொடி கொடுத்தார். பாலில் குடித்தால் நடுக்கம் நிற்கும், ஆனால் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள் என்றார். எவள் தெரிந்தால் எனக்கென்ன, கை நின்றால் போதும் என்று வாங்கிவந்தேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

பத்தே நாளில் கை நின்றது. அவர் தானாகச் சாப்பிட்டதைப் பார்த்து நானும் மகள் திரௌபதியும் அழுதோம்.

மறுநாள் மத்தியானம் சோற்றில் கைவைத்தபடி மூலையையே பார்த்தார்.

"அங்க யாருய்யா கீறாங்க?"

"பஞ்சத்துல கப்பலுக்கு ஏத்தினேனே, அந்தப் பொம்பள. நம்ம திரௌபதியத்தான் பார்த்துக்கினு கீறா."

அப்புறம்தான் கக்கினார். சின்னப்பிள்ளைகளை ஏற்றாதே என்று தரகன் சொல்ல, அவள் பிடித்திருந்த மகளின் கையை இவர்தான் பிரித்துக் கரையில் தள்ளினாராம். முகத்துவாரம் தாண்டியதும் அவள் கடலில் குதித்துவிட்டாள். மூன்று வருஷம் என்னிடம் மூச்சுவிடவில்லை, பாவி.

தினமும் அவள் என் மகளிடம் ஓரடி நெருங்குவதாகச் சொன்னார். பொடியை நிறுத்தினேன். கை மறுபடி உதறியது. அவர் கண்ணுக்கு எவளும் தெரியவில்லை. ஆனால் அவளை அவர் பார்த்த நாள் முதல் வீட்டில் வீசிய உப்புச் சேற்று நாற்றம் போகவில்லை. இப்போது அவள் எங்கே நிற்கிறாள் என்று யார் சொல்வது?

மீதிப் பொடியை நானே குடித்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் தெரிந்தாள்.

மகள் பக்கத்தில் இல்லை. படுத்திருந்த அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் புரிந்தது. மருந்து அவள் பிடியைத்தான் விடுவித்திருக்கிறது. விட்ட கையோடு என் பெண்ணிடம் நடந்திருக்கிறாள்.

"அவரையே வெச்சிக்கோ," என்றேன் மெதுவாக. "ஆயுசுக்கும் உலுக்கு. எம் பொண்ண வுட்டுடு."

அவள் திரும்பினாள்.

"எம் பொண்ண யாரு வுட்டாங்க?"

மறுநாள் விடிந்ததும் மருந்தே இல்லாமல் அவர் கை ஓய்ந்திருந்தது. படகுக்குப் போகிறேன் என்று குதித்தார்.

நான் உள்ளே ஓடினேன்.

திரௌபதி பாயில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் வலது கை மட்டும் உதறிக்கொண்டிருந்தது.